நோய் எங்கே குடியிருக்கிறது?



லேவியர் நூலின் 14ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். வீட்டுச் சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ கறை கண்டால், வீட்டுக்காரர் குருவிடம் அறிவிக்க வேண்டும். குரு வந்து பார்த்து, வீட்டை ஏழு நாள் பூட்டிவைப்பார். கறை பரவியிருந்தால் கற்களைப் பெயர்த்தெறிந்து, சுவரைச் சுரண்டிப் புதிதாகப் பூச வேண்டும். இது சடங்குத் தூய்மை பற்றிய சட்டமே. எனினும், ஆளை மட்டுமன்றி அவர் வாழும் வீட்டையும் பார்க்க வேண்டும் என்ற பாடம் இதில் உண்டு.

நாம் செய்வதென்ன? அயல்வீட்டுப் பிள்ளை ஓயாமல் இருமினால், "தாய்க்குக் கவனமில்லை" என்று சொல்லிவிடுகிறோம். அந்த வீட்டினுள் ஒருமுறையாவது போய்ப் பார்த்தோமா?

மலையகத்து லயன் அறையை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலேயர் காலத்தில் கட்டப்பட்ட வரிசையில், ஏறத்தாழ பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை. இன்றும் பல குடும்பங்கள் இப்படியே வாழ்கின்றன. சமையலும் படிப்பும் உறக்கமும் நெருக்கத்திலேயே. விறகுப் புகை குழந்தையின் நெஞ்சுக்குள் போகிறது. சளிக்காய்ச்சல் எளிதில் பற்றுகிறது. கசநோய்க் கிருமி காற்றினால் பரவுவது. திறந்த வெளியில் அது கலைந்துபோகும். சாளரமில்லா அறையில் தங்கிநிற்கும். போதிய உணவில்லாத உடல் அதை எதிர்த்து நிற்க முடியாது. இந்நிலை தோட்டத்தில் மட்டுமன்று. நகரத்துத் தோட்ட வீடுகளிலும், கரையோரத் தகரக் கொட்டில்களிலும் உண்டு.

இனி வருவாயைப் பாருங்கள். நம் நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். ஆனால் நாட்கூலிக்காரர் ஒருவர் கிளினிக்குக்குப் போனால் அன்றைய சம்பளம் போய்விடும். பஸ் காசும் வேண்டும். ஆகவே வருத்தத்தை ஒத்திவைக்கிறார். அது முற்றிப் படுக்கையில் விழுந்ததும் வருவாய் நின்றுபோகிறது. முதலில் குறைவது பிள்ளைகளின் சாப்பாடு. வறுமை நோயைத் தருகிறது. நோய் வறுமையை வளர்க்கிறது. மருந்து கொடுத்து அதே அறைக்குத் திருப்பியனுப்பினால் முழுச் சுகம் எப்படி வரும்?

பாப்பரசர் 23ஆம் அருளப்பர் 1963இல் வெளியிட்ட 'பாச்செம் இன் தெரிஸ்' சுற்றுமடலில், உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றை மனிதனின் உரிமைகளாக எண்ணிக் கூறினார். உரிமையென்றால் அது நாம் இரங்கிப் போடும் பிச்சையன்று. புனித இயாகப்பரும் தம் திருமுகத்தின் 2ஆம் அதிகாரத்தில், குளிரில் நிற்பவனை வெறும் வாழ்த்தோடு அனுப்பும் விசுவாசத்தைக் கண்டிக்கிறார்.

நாம் செய்யக்கூடியவை உண்டு. பகலில் கதவு சாளரங்களைத் திறந்து வையுங்கள். அடுப்புக்குப் புகைபோக்கி அமையுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைப் பரிசோதிக்கச் செய்யுங்கள். ஏழைக் குடும்பம் ஒன்றின் கூரையையோ மலசலகூடத்தையோ திருத்த, பங்கிலுள்ளவர்கள் ஒரு நாள் உழைப்பைக் கொடுக்கலாம். வாடகைக்கு வீடு விட்டிருப்பவர்கள், ஒழுகும் கூரையைத் திருத்துவதும் தம் கிறிஸ்தவக் கடமையென உணரட்டும்.

குடும்பமாகச் சிந்திக்க:

1. நம் வேலையாளுக்கு நோய் வந்தால், அன்றைய கூலியைக் கொடுக்கிறோமா?

2. நம் பங்கில் யாருடைய வீட்டை நாம் இன்னும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை?