முயலுக்கு வடிசாலைச் சக்கை தரலாமா?

முயல் வளர்ப்பில் ஆகும் செலவில் பெரும்பகுதி தீவனத்திற்கே போய்விடுகிறது. அதிலும் புண்ணாக்கின் விலைதான் கையைக் கடிக்கிறது. தானியத்திலிருந்து எத்தனால் வடிக்கும் ஆலைகளில் எஞ்சும் உலர்ந்த சக்கையை 'டி.டி.ஜி.எஸ்.' என்ற பெயரில் தீவனக் கடைகளில் விற்கிறார்கள். மாட்டுக்கும் கோழிக்கும் இதை வாங்குவோர், முயலுக்கும் போடலாமா என்று கேட்கின்றனர். போடலாம், ஆனால் தரமும் அளவும் அறிந்து போடவேண்டும்.

தானியத்தில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு மாவுச்சத்து. நொதித்தலின்போது ஈஸ்ட் இதைச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றிவிடுகிறது. ஆகவே மூன்று கிலோ மக்காச்சோளத்திற்குச் சுமார் ஒரு கிலோ சக்கைதான் மிஞ்சும். மற்ற சத்துக்கள் அதில் மும்மடங்காகச் செறிகின்றன. 9 சதம் புரதமுள்ள மக்காச்சோளம், 27 முதல் 30 சதம் புரதமுள்ள சக்கையாகிறது. அரிசிச் சக்கையில் புரதம் 45 சதம் வரை இருக்கும். எந்தத் தானியத்தின் சக்கை என்று கேட்டறிந்தே வாங்கவேண்டும்.

சத்து செறிவதுபோல நஞ்சும் செறியும் என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. பூசணம் பிடித்த தானியத்தில் அஃப்ளடாக்சின் என்னும் நச்சு உண்டாகிறது. நொதிப்பதாலோ, வடிப்பதாலோ, உலர்த்துவதாலோ இது அழிவதில்லை. நூறு கோடியில் 20 பங்கு நச்சுள்ள தானியம், 60 பங்கு நச்சுள்ள சக்கையாக வெளிவரும். 2018-ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, மனிதர் உண்ணத் தகாத சேதமுற்ற தானியங்களையும் எத்தனாலுக்குப் பயன்படுத்த இடமளித்திருப்பதால், இதில் கூடுதல் விழிப்பு தேவை. கால்நடைகளில் முயல் இந்நச்சை மிகவும் தாங்காத பிராணி. ஈரல் கெட்டு, தீனி எடுக்காமல், மெலிந்து இறந்துபோகும். நச்சுள்ள ஒரு மூட்டை பண்ணையையே காலி செய்துவிடலாம். 'மாடு தின்கிறதே, முயலுக்கு என்ன?' என்ற வாதம் இங்கே செல்லாது.

நல்ல சக்கை பொன்னிறமாக, லேசான புளித்த மணத்துடன் இருக்கும். கட்டி பிடித்ததையும் பூசண வாடை வீசுவதையும் விலை மலிவென்று வாங்கவேண்டாம். கண்ணுக்கு நன்றாகத் தெரிவதிலும் நச்சு இருக்கக்கூடும். மொத்தமாக வாங்குவோர் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்திலுள்ள தீவனப் பகுப்பாய்வுக் கூடத்தில் மாதிரி கொடுத்துச் சோதிப்பது நன்று. கரும்பழுப்பாகக் கருகியிருந்தால், உலர்த்தும் சூட்டில் லைசின் என்னும் அமினோ அமிலம் பாழாகியிருக்கும். இயல்பாகவே சக்கையில் லைசின் குறைவு; கடலைப் புண்ணாக்கிலும் குறைவுதான். வேலிமசால், குதிரைமசால் போன்ற பயறுவகைப் பசுந்தீவனம் இக்குறையை ஓரளவு ஈடுசெய்யும்.

வழக்கமான கலவையில் மக்காச்சோளம் 30, கம்பு 30, கடலைப் புண்ணாக்கு 13, கோதுமைத் தவிடு 25, தாது உப்புக் கலவை ஒன்றரை, சமையல் உப்பு அரைக் கிலோ இருக்கும். இதில் மக்காச்சோளத்தை 25 ஆகவும், கம்பை 26 ஆகவும், புண்ணாக்கை 7 ஆகவும் குறைத்து, மக்காச்சோளச் சக்கை 15 கிலோ சேர்க்கலாம். புரதம் குறையாது. புண்ணாக்கில் ஏறக்குறைய பாதி மிச்சமாகும். இதற்கு மேல் போக நான் பரிந்துரைப்பதில்லை. அரிசிச் சக்கையானால் 8 கிலோ போதும்; மீதி 7 கிலோவுக்குத் தானியமே சேர்க்கவும்.

இச்சக்கை புண்ணாக்குக்குத்தான் மாற்று, புல்லுக்கு அல்ல. இதிலுள்ள நார் மென்மையானது. முயலின் குடலை ஓடவைக்கும் முரட்டு நார் இதில் சொற்பம். புல்லைக் குறைத்தால் கழிச்சல் வரும். வளர்ந்த முயலுக்கு நாளொன்றுக்கு 100 கிராம் கலவையும் குறைந்தது 250 கிராம் பசுந்தீவனமும் தேவை. பாலூட்டும் பெட்டைக்குக் கலவை 150 கிராம்.

தூளாகப் போட்டால் முயல் தும்மும், சிந்தி வீணாக்கும். சிறிது நீர் தெளித்துப் பிசைந்து வைத்து, மிச்சத்தை அன்றே அகற்றிவிடவேண்டும். ஆலையிலிருந்து வரும் ஈரச் சக்கை நம் வெயிலில் ஓரிரு நாளில் கெட்டுவிடும். அது முயலுக்கு வேண்டாம். உலர்ந்ததையும் ஒரு மாதத் தேவைக்கு மட்டும் வாங்கி, தரையில் படாமல் பலகை மேல் அடுக்கவும். பழைய கலவையோடு சிறிது சிறிதாகக் கூட்டிப் பத்து நாட்களில் முழு அளவுக்கு வரலாம். பால் மறந்த குட்டிகளுக்கு முதல் இரண்டு வாரம் பழைய கலவையையே தரவும். புழுக்கை இளகினால் கலவையை நிறுத்தி, உலர்ந்த புல் மட்டும் கொடுத்துக் கால்நடை மருத்துவரைக் கலந்துகொள்ளவும்.