மாத்திரை தின்றும் இருமல் நிற்கவில்லையா?

இரண்டு வாரமாக இருமலா? அரசு மருத்துவமனைக்குப் போங்கள். சளியைச் சோதிப்பார்கள். அதற்குக் காசு இல்லை.

நம் நாட்டில் காசநோய் அதிகம். நீண்ட நாள் இருமல் என்றதும் எல்லோரும் அதைத்தான் நினைக்கிறோம். அங்கேதான் சிக்கல். நுரையீரல் புற்றுநோய்க்கும் அதே இருமல்தான். உடம்பு மெலியும். சளியில் ரத்தம் வரும். எக்ஸ்ரே படத்தில்கூட இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். சளியில் கிருமி தெரியாவிட்டாலும் காசநோய் மாத்திரை கொடுப்பதுண்டு. மாதங்கள் ஓடிவிடும். உள்ளே கட்டி வளர்ந்துவிடும்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பழைய எக்ஸ்ரே படத்துடன் டாக்டரிடம் மறுபடி போங்கள். "ஐயா, இது வேறு நோயாக இருக்குமா? ஸ்கேன் எடுக்கணுமா?" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை. பீடி குடிப்பவர் அதை மறைக்கக் கூடாது. பீடியே தொடாத பெண்களுக்கும் இந்த நோய் வருகிறது.

கட்டி சிறிதாக இருக்கும்போதே கண்டால் அறுவை செய்து எடுத்துவிட முடியும்.