கை கொடுக்கும் அறிவியல்

நுழையும்முன்

நின்றுபோன இதயத்தை மீண்டும் இயக்குவது, ஒரு காலத்தில் அறுவை மருத்துவர்க்கு மட்டுமே உரிய செயலாக இருந்தது. அதனை எளிய மக்களின் கைகளுக்குக் கொண்டுவந்த ஆய்வின் வரலாற்றை இப்பாடம் விளக்குகிறது.

மாரடைப்பும் இதயநிறுத்தமும் ஒன்றல்ல. இதயத்தசைக்குக் குருதி செல்லும் குழாய் அடைபடுவது மாரடைப்பு. இதயம் குருதியைச் செலுத்துவதையே நிறுத்திவிடுவது இதயநிறுத்தம். முன்னது பின்னதற்குக் காரணமாகலாம். இதயம் நின்ற சில நொடிகளில் நினைவு தப்பும். உயிர்வளி கிடைக்காத மூளை நான்கைந்து நிமிடங்களில் சிதையத் தொடங்கும். ஆதலின், இங்குக் காலமே முதல் மருந்து.

1950களில், மார்பைத் திறந்து இதயத்தைக் கையால் பிசைவதே மருத்துவர்கள் கையாண்ட முதன்மையான வழி. வீட்டிலோ வீதியிலோ வீழ்ந்தவர்க்கு அவ்வழி பயன்படவில்லை.

பொறியாளரின் தேடல்

அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பேராசிரியராக விளங்கியவர் வில்லியம் கூவன்ஹோவன். மின்கம்பிகளில் பணிபுரிந்த தொழிலாளர்கள் மின்சாரம் தாக்கி இறந்த துயரம், அவர்தம் ஆய்வுக்கு வித்திட்டது. சீர்குலைந்த இதயத்துடிப்பை, மார்பைத் திறவாமல், மின்னதிர்ச்சியாலேயே சீராக்கும் கருவியை உருவாக்க அவர் முயன்றார்.

1958ஆம் ஆண்டு அவருடைய ஆய்வகத்தில் பணியாற்றிய இளம் ஆய்வாளர் கய் நிக்கர்பாக்கர் ஒரு புதுமையைக் கண்டார். இதயம் நின்ற நாயின் மார்பில் கனமான மின்தகடுகளை அழுத்தியபோது, மின்சாரம் பாய்ச்சுவதற்கு முன்பே குருதியழுத்தம் சற்று உயர்ந்தது. கருவியின் பிழை என்று அதனை ஒதுக்கியிருக்கலாம். அவரோ, அழுத்தமே குருதியை நகர்த்துகிறதோ என ஐயுற்றார். மார்பில் எவ்விடத்தில், எவ்வளவு ஆழத்தில், எத்தனை முறை அழுத்த வேண்டும் என்பதை ஆய்வுக்குழு சோதித்தறிந்தது.

அக்குழுவின் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஜூட், 1959இல் இம்முறையை நோயாளியிடம் பயன்படுத்தினார். மயக்கமருந்து அளிக்கப்பட்டபோது இதயம் நின்ற ஒரு பெண், மார்பைத் திறவாமலேயே உயிர்மீண்டார். 1960 ஜூலையில் மூவரும் வெளியிட்ட கட்டுரை, 20 நோயாளிகளுள் 14 பேர் பிழைத்ததை உலகுக்கு அறிவித்தது.

மூச்சும் அழுத்தமும்

அதே நகரில் மருத்துவர் பீட்டர் சஃபார், தலையைப் பின்புறம் சாய்த்து, தாடையை உயர்த்தி, வாயோடு வாய் வைத்து மூச்சளிக்கும் முறையை நிறுவியிருந்தார். 1960இல் இவ்விரு முறைகளும் இணைந்து, இன்று சி.பி.ஆர். எனப்படும் இதய நுரையீரல் மீட்பு முறையாயின. நார்வே நாட்டுப் பொம்மை உற்பத்தியாளர் ஆஸ்மண்ட் லேர்டால், இதனைப் பயில்வதற்கென ஆளுயரப் பொம்மையை உருவாக்கினார். மருத்துவமனைக்குள் பிறந்த அறிவு பொதுமக்களைச் சென்றடைய அப்பொம்மை துணைநின்றது.

செய்ய வேண்டுவன

ஒருவர் நினைவிழந்து, இயல்பாக மூச்சுவிடாமல் கிடந்தால், உடனே 108 எண்ணை அழைத்தல் வேண்டும். பின்னர் அவரைச் சமதளத்தில் மல்லாத்தி, மார்பின் நடுவில் ஒரு கையின்மேல் மறுகையை வைத்து, 5 முதல் 6 செ.மீ. ஆழத்திற்கு, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். இவ்வளவு பெரியவர்க்கு உரியது. ஒவ்வோர் அழுத்தத்திற்குப் பின்னும் மார்பு முழுமையாக மேலெழ விட வேண்டும். மூச்சளிக்கப் பயிற்சி இல்லாதவர் அழுத்துவதை மட்டும் செய்தாலும் பயனுண்டு. உதவி வரும்வரை நிறுத்தலாகாது.

மருத்துவம் பயிலாத கூவன்ஹோவனுக்கு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 1969இல் மதிப்புறு மருத்துவப் பட்டம் வழங்கிச் சிறப்பித்தது. எனினும், ஊர்தி வந்துசேரும் வரையிலான நிமிடங்களில், வீழ்ந்தவரின் உயிர் அருகில் நிற்பவரின் கைகளிலேயே இருக்கிறது. அக்கைகள் தயங்காதிருக்க முன்பயிற்சி வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. நிக்கர்பாக்கர் தாம் கண்டதைப் பிழையென ஒதுக்கியிருப்பின் என்ன நேர்ந்திருக்கும்? வகுப்பில் கலந்துரையாடுக.
2. மருத்துவர் அல்லது செவிலியரை அழைத்து, உயிர்காப்பு முதலுதவிப் பயிற்சியைப் பள்ளியில் நிகழ்த்துக.