மாட்டுக்குத் தெரியாத நஞ்சு: விலங்குகளும் உலோகங்களும்

காரீயம், பாதரசம், காட்மியம் ஆகிய மூன்றும் எந்த விலங்கின் உடலுக்கும் தேவையில்லாதவை. செம்பும் துத்தநாகமும் சிறிதளவு வேண்டும்; மிகுந்தால் கொல்லும். பூச்சிமருந்துகளில் பல நாளடைவில் சிதைந்துவிடும், கிருமிகள் சூட்டில் சாகும். உலோகமோ தனிமம், அதை எதுவும் சிதைப்பதில்லை. மண்ணிலிருந்து புல்லுக்கும் புல்லிலிருந்து மாட்டுக்கும் அது இடம் மாறும், வடிவம் மாறும், ஆனால் இல்லாமல் போகாது. கால்நடை வளர்ப்பவர்களிடமும் மீனும் இறைச்சியும் வாங்குபவர்களிடமும் ஊறிப்போன சில தவறான எண்ணங்கள் இந்த ஒன்றை மறப்பதால் வருபவை.

“ஆகாததை மாடு தொடாது”

எருக்கையும் ஊமத்தையையும் ஒதுக்கிவிட்டு மேயும் மாட்டைப் பார்த்தவர்களுக்கு இது இயல்பான நம்பிக்கைதான். கசப்பும் நாற்றமும் உள்ள செடிகளை ஒதுக்க மாட்டுக்குத் தெரியும். உலோகத்தில் அந்தத் தற்காப்பு வேலை செய்வதில்லை. புதிதாக எதைக் கண்டாலும் நக்கிப் பார்ப்பது மாட்டின் குணம். உடைந்த வண்டி பேட்டரி, உரிந்த பழைய பெயின்ட், பேட்டரி எரித்த இடத்துச் சாம்பல் எதையும் அது விடாது. தீவனத்தில் பாஸ்பரஸ் குறைந்த மாடுகளுக்கு மண்ணையும் எலும்பையும் கடிக்கும் ஆசை வேறு சேர்ந்துகொள்ளும். உலகெங்கும் மாடுகளுக்கு நேரும் நச்சுச் சாவுகளில் காரீயம் முன்வரிசையில் நிற்பதற்குக் காரணம் இந்த நாக்குதான். கன்றுகள் இன்னும் வேகமாகப் பாதிக்கப்படும்.

விழுங்கிய காரீயத் துண்டு கனமானது என்பதால் மாட்டின் இரண்டாம் வயிறான தேன்கூட்டு வயிற்றில் போய்த் தங்கிவிடும். அங்கேயே கிடந்து வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். பிறகு ஒருநாள் மாடு பல்லை நறநறவென்று கடிக்கும், காதும் இமையும் துடிக்கும், வாயில் நுரை தள்ளும், கண் தெரியாமல் சுவரில் நெற்றியை அழுத்திக்கொண்டு நிற்கும். பார்ப்பவர்கள் வெறிநோய் என்று நினைத்துவிடுவதுண்டு. வெறிநோய்க்கும் இந்த அறிகுறிகள் பல பொருந்துவதால், மருத்துவர் வரும்வரை அந்த மாட்டின் வாய்க்குள் கைவிடாமல் இருப்பதே நல்லது.

பறவைகளிடம் இதே கதை வேறு உறுப்பில் நடக்கிறது. பல்லில்லாத பறவைகள் சிறு கற்களை விழுங்கி அரைவைப்பையில் தேக்கி வைத்து, அவற்றால் தானியத்தை அரைத்துக்கொள்ளும். குளத்தடியில் கிடக்கும் வேட்டைக் குண்டையும் தூண்டில் காரீயக் குண்டையும் வாத்தும் அன்னமும் கல் என்றே எடுத்துக்கொள்கின்றன. அரைவைப்பை அதைத் தேய்த்துப் பொடியாக்க, அமிலம் கரைத்துவிடுகிறது. இங்கிலாந்தின் ஆறுகளில் அன்னங்கள் இப்படிச் செத்ததால், மீன்பிடி தூண்டிலுக்கான சிறு காரீயக் குண்டுகளின் விற்பனைக்கு 1987-ல் தடை வந்தது. நீர்ப்பறவை வேட்டைக்குக் காரீயக் குண்டு கூடாது என்ற விதி 1991-ல் அமெரிக்கா முழுவதும் நடைமுறைக்கு வந்தது.

“பக்கத்தில் ஆலை இல்லை, எனவே பயமில்லை”

பசிபிக் பெருங்கடலின் நடுவே இருக்கும் மிட்வே தீவில் ஆலை எதுவும் இல்லை. அங்கே அமெரிக்கக் கடற்படை விட்டுச்சென்ற பழைய கட்டடங்கள் இருந்தன. அவற்றின் சுவரிலிருந்து உதிர்ந்த பெயின்ட் செதில்கள் தரையில் கிடந்தன. லேசான் ஆல்பட்ராஸ் என்னும் கடற்பறவையின் குஞ்சு கூட்டைவிட்டு நகராமல் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். அலகுக்கு எட்டியதையெல்லாம் கொத்தும். செதிலைத் தின்ற குஞ்சுகளின் சிறகுகள் தூக்க முடியாமல் தரையில் இழுபட்டன. பறக்க வேண்டிய பருவத்தில் பறக்க முடியாமல் அவை செத்தன. அதே தீவில் கடலுக்குப் போய் இரைதேடி வந்த பெற்றோர் பறவைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கட்டடத்துக்கு அருகில் இருந்த கூடுகளிலேயே பாதிப்பு மிகுதி. ஊர் முழுவதற்கும் ஒரே அளவு ஆபத்து என்பதில்லை. நஞ்சு கிடக்கும் இடமும் விலங்கின் பழக்கமும் எங்கே சந்திக்கின்றன என்பதே கணக்கு.

இந்தியாவில் வீட்டுப் பெயின்டில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயின்ட் பழைய கதவிலும் சன்னலிலும் மாட்டுக்கொட்டகைக் கம்பியிலும் இன்னும் இருக்கக்கூடும். அதைச் சுரண்டிக் கொட்டும் இடம்தான் பெரும்பாலும் கோழி கிளறும் இடமும்.

“தின்று பார்த்தது, ஒன்றும் ஆகவில்லை”

சந்தேகமான உணவை முதலில் கோழிக்கோ நாய்க்கோ போட்டுப் பார்ப்பது பழைய வழக்கம். உடனே கொல்லும் நஞ்சுக்கு அது பொருந்தும்; மெல்ல வேலை செய்யும் நஞ்சுக்குப் பொருந்தாது. 1971-ல் ஈராக்குக்கு விதைக்கென்று வந்த கோதுமையும் பார்லியும் பூஞ்சாணத்தைத் தடுக்க மெத்தில் பாதரசம் பூசப்பட்டவை. எச்சரிக்கை வாசகங்கள் ஊராருக்குப் புரியாத மொழியில் இருந்தன. நஞ்சு என்று காட்டச் சிவப்புச் சாயம் ஏற்றியிருந்தார்கள். கழுவியதும் சாயம் போனது, பாதரசம் போகவில்லை. சிலர் அந்தத் தானியத்தைக் கோழிகளுக்கும் கால்நடைகளுக்கும் சில நாள் போட்டுப் பார்த்தார்கள். எதுவும் சாகவில்லை. அந்த மாவில் ரொட்டி சுட்டுத் தின்றார்கள்.

மெத்தில் பாதரசம் மூளையில் சேர்ந்து வேலையைக் காட்ட வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்களும் ஆகும். அறிகுறி தெரிந்தபோது தின்று முடித்திருந்தார்கள். மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள் 6,530 பேர். அங்கே இறந்தவர்கள் 459 பேர். விலங்கின் மீது பார்த்த சோதனை பொய் சொல்லவில்லை. காத்திருந்த கால அளவுதான் போதவில்லை.

“தண்ணீரில் அளவு குறைவு, மீனில் மட்டும் எப்படி வரும்?”

நீரின் அடிச்சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. பாசி அதை ஏற்கிறது, பாசியைத் தின்னும் பூச்சியில் கூடுகிறது, பூச்சியைத் தின்னும் சிறுமீனில் இன்னும் கூடுகிறது. ஒவ்வொரு படியிலும் உணவு எரிந்து தீர்கிறது, பாதரசம் தங்கிவிடுகிறது. மேல்படியில் நிற்கும் சுறா, வாள்மீன், மீன்தின்னிக் கழுகு ஆகியவற்றின் உடலில் உள்ள செறிவு நீரில் உள்ளதைப்போல் பல லட்சம் மடங்காக இருக்கும். கொடைக்கானலில் 2001-ல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசத்தை ஆய்வாளர்கள் ஏரி நீரோடு நிறுத்தாமல் மீனிலும் படிவிலும் தேடிக் கண்டதற்குக் காரணம் இதுதான்.

ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் சிஸ்ஸோ ஆலையின் கழிவில் பாதரசம் மெத்தில் பாதரசமாகவே கடலுக்குப் போனது. 1950-களின் முற்பகுதியில் மீனவக் குடும்பங்களின் பூனைகள் தள்ளாடிச் சுற்றிச் சுழன்று விழுந்து செத்தன. ஆடும் பூனை நோய் என்று ஊரில் பெயர் வைத்தார்கள். மனிதர்களுக்கு வந்த நோய் 1956 மே மாதம்தான் அதிகாரபூர்வமாகப் பதிவானது. ஆலை மருத்துவமனையின் மருத்துவர் ஹொசொகாவா ஹாஜிமெ 1959-ல் ஆலைக் கழிவை உணவில் கலந்து ஒரு பூனைக்குக் கொடுத்தார். அதற்கும் அதே நோய் வந்தது. நிர்வாகம் அந்த முடிவை வெளியே விடவில்லை. ஆலைதான் காரணம் என்று அரசு ஒப்புக்கொண்டது 1968-ல்.

மினமாட்டாவைச் சொல்லி, நாயும் பூனையும் நலமாக இருந்தால் வீட்டாரும் நலம் என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. அது தலைகீழ்ப் பாடம். விலங்கு விழுந்தால் எச்சரிக்கை என்று எடுத்துக்கொள்ளலாம். விழாமல் இருப்பது உத்தரவாதம் ஆகாது.

“சத்துத்தானே, கூடினால் என்ன?”

செம்பு மாட்டுக்கும் பன்றிக்கும் கோழிக்கும் தீவனத்தில் சேர்க்கப்படும் சத்து. அந்தத் தீவனத்தைச் செம்மறிக்குப் போடுவதுதான் தவறு. அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு 2005-ல் வகுத்த தாங்கும் அளவின்படி, ஒரு கிலோ தீவனத்தில் பன்றிக்கும் கோழிக்கும் 250 மில்லிகிராம் செம்புவரை தாங்கும், மாட்டுக்கு 40, செம்மறிக்கு வெறும் 15. மிகுதியான செம்பைப் பித்தநீரில் வெளியேற்றும் திறன் செம்மறியின் கல்லீரலுக்குக் குறைவு. உள்ளே அடுக்கிக்கொண்டே போகும். வெள்ளாடு இதில் செம்மறியைவிடத் தாக்குப்பிடிக்கும்.

வெளியே பார்த்தால் ஆடு கொழுகொழுவென்று இருக்கும். லாரிப் பயணம், அடைமழை, பட்டினி, ஏதோ ஒரு அலைச்சல் வந்ததும் கல்லீரல் தேக்கிய செம்பு மொத்தமாக ரத்தத்தில் இறங்கும். சிவப்பணுக்கள் உடையும். கண்ணும் ஈறும் மஞ்சளாகும், சிறுநீர் கருஞ்சிவப்பாகும், ஓரிரு நாளில் ஆடு செத்துவிடும். அறுத்துப் பார்த்தால் சிறுநீரகம் துப்பாக்கி உலோகத்தின் கருநீலத்தில் இருக்கும். இத்தனைக்கும் தீவனத்தை மாதக்கணக்காக எந்தக் குறையும் சொல்லாமல் தின்ற ஆடு அது. மண்ணில் மாலிப்டினம் குறைந்த இடத்தில் இந்த ஆபத்து இன்னும் கூடும். மாலிப்டினமும் கந்தகமும் சேர்ந்து செம்பைக் குடலிலேயே பிடித்துவைப்பவை.

துத்தநாகமும் அப்படியே. 1982-க்குப் பின் வந்த அமெரிக்க ஒரு சென்ட் நாணயம் மேலே செம்புப் பூச்சு, உள்ளே 97.5 விழுக்காடு துத்தநாகம். அதை விழுங்கும் நாய்களுக்கு வயிற்று அமிலத்தில் துத்தநாகம் கரைந்து ரத்தச் சிவப்பணுக்கள் உடைகின்றன.

“நன்றாக வேகவைத்தால், கொழுப்பை நீக்கினால் சரியாகிவிடும்”

வேகவைப்பதில் தண்ணீர் வற்றுமே தவிர உலோகம் வற்றாது. கொழுப்பை நீக்கும் யோசனை டயாக்சின் போன்ற கொழுப்பில் கரையும் நஞ்சுகளுக்குச் சொன்னது. மெத்தில் பாதரசம் தசையின் புரதத்தோடு ஒட்டியிருப்பது; மீனின் சதையிலேயே இருக்கும். காட்மியம் சிறுநீரகத்தில் பல ஆண்டுகள் தங்கும், விலங்குக்கு வயது ஏற ஏற கூடும். பின்லாந்தில் மூஸ் மானின் இறைச்சியை உண்ணச் சொல்பவர்களே வளர்ந்த மூஸின் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் தவிர்க்கச் சொல்கிறார்கள்.

“ஆய்வில் அளவு அதிகம் என்றால் நஞ்சு உறுதி”

மிகை பயமும் தவறான நம்பிக்கைதான். கடல்மீனிலும் இறாலிலும் உள்ள ஆர்சனிக் பெரும்பாலும் ஆர்சனோபீட்டைன் என்ற சேர்மமாக இருக்கிறது. உடல் அதை மாற்றாமல் சிறுநீரில் தள்ளிவிடும். வங்காளத்தின் குழாய்க் கிணறுகளில் வருவது கனிம ஆர்சனிக், கொல்வது அதுதான். வயதான டால்பின்களின் கல்லீரலில் பாதரசம் திகைக்கவைக்கும் அளவில் இருக்கும். ஆனால் அதில் பெரும்பகுதி செலினியத்தோடு சேர்ந்து கரையாத துகளாக ஒதுக்கப்பட்டது. மொத்த அளவை மட்டும் சொல்லும் ஆய்வு அறிக்கை பாதித் தகவல்தான் தருகிறது.

எந்த உறுப்பில் எடுத்த மாதிரி என்பதும் அதே அளவு முக்கியம். ரத்தம் அண்மைக் காலத்தைக் காட்டும், எலும்பு வாழ்நாள் முழுவதையும் காட்டும். இறகும் முடியும் வளர்ந்த காலத்துப் பாதரசத்தைப் பூட்டி வைத்திருக்கும். ஸ்வீடனில் அருங்காட்சியகப் பறவைகளின் பழைய இறகுகளைச் சோதித்தபோது, பாதரசம் பூசிய விதைகள் புழக்கத்துக்கு வந்த 1940-களிலிருந்து அளவு ஏறியது தெரிந்தது. அந்நாடு 1966-ல் அந்த வகை விதைப்பூச்சைத் தடைசெய்தது. செத்த மாட்டுக்குக் காரீயம் காரணமா என்று அறிய கல்லீரலும் சிறுநீரகமும் வேண்டும். வயிற்றுக்குள் துண்டு கிடக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

“மருந்து கொடுத்தால் தீர்ந்தது”

கால்சியம் ஈடிடிஏ காரீயத்தைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும். தயமின் மூளை அறிகுறிகளைத் தணிக்க உதவும். ஆனால் வயிற்றில் துண்டு கிடக்கும்வரை காரீயம் மறுபடியும் ரத்தத்துக்கு வந்துகொண்டே இருக்கும்.

கலிபோர்னியக் காண்டோர் கழுகு இதற்கு உதாரணம். 1982-ல் உலகில் மிஞ்சியவை 22 பறவைகள். 1987-ல் காட்டில் இருந்த கடைசிப் பறவையையும் பிடித்துக் கூண்டில் இனம்பெருக்கினார்கள். மீண்டும் பறக்கவிட்டபோது வேட்டைக்காரர் விட்டுச்சென்ற குடலிலும் சடலத்திலும் சிதறியிருந்த தோட்டாத் துகள்களைத் தின்று அவை நோயுற்றன. பிடித்து ரத்தம் சோதித்து, மருந்து கொடுத்து விடுகிறார்கள். அதே பறவையை மறுமுறையும் பிடிக்க வேண்டி வருகிறது. 2019 ஜூலை முதல் கலிபோர்னியா மாநிலம் முழுவதும் வேட்டைக்குக் காரீயத் தோட்டா சட்டப்படி கூடாது. காட்டில் வாழும் காண்டோர்களைக் கொல்வதில் காரீயம் இன்னும் முதலிடத்தில் இருக்கிறது.

மந்தையில் ஒரு மாடு விழுந்தால், அதே இடத்தில் மேய்ந்து அறிகுறி காட்டாத மற்ற மாடுகளின் ரத்தத்தையும் சோதிக்க வேண்டும். கறவை மாடானால் பாலிலும் காரீயம் வரும். எனவே ரத்தத்தில் அளவு இறங்கியது உறுதியாகும்வரை பாலும் இறைச்சியும் விற்பனைக்குப் போகக்கூடாது. அதற்குச் சில மாடுகளுக்கு வாரங்களும் சிலவற்றுக்குப் பல மாதங்களும் ஆகின்றன.