தங்கவயற் பயணம்

ஊர்கள் பல வகையின. ஆற்றங்கரையில் அமைந்தவை உள. கோவிலைச் சூழ்ந்து வளர்ந்தவை உள. வணிகர் செல்லும் பெருவழியிற் பிறந்தவையும் உள. நிலத்தடியிற் கிடந்த ஒரு பொருளை நம்பியே எழுந்த ஊர்கள் சில. அப்பொருள் தீர்ந்தபின் அவ்வூரும் ஊராரும் என்ன ஆவர்? ஆசிரியப் பணியினின்று ஓய்வு பெற்ற பின்னர் யானும் என் மனைவியும் மேற்கொண்ட நெடும்பயணத்தில் இவ்வினாவே எங்களுடன் வந்தது.

எங்கள் ஊர் பழனி வட்டத்துக் கீரனூர். எங்கள் பக்கத்தில் நிலத்தை ஆழத் தோண்டுவோர் கிணறு வெட்டுவோரே. அவர்கள் தேடுவது தண்ணீர் ஒன்றையே. பொன் தேடித் தோண்டிய ஊரைக் காணவேண்டும் என்பது என் மனைவியின் நெடுநாள் விருப்பம். ஆகவே, கோலார்த் தங்கவயலை நோக்கி எங்கள் சிறிய மோட்டார் வண்டியில் ஒருநாள் விடியற்காலையிற் புறப்பட்டோம்.

தாராபுரத்தைக் கடந்ததும், கிளுவை வேலி சூழ்ந்த மேய்ச்சற் காடுகள் இருபுறமும் விரிந்தன. காங்கேயம் என்றவுடன் காளையையே பலரும் நினைப்பர். ஆனால், அதற்கு அண்மையிலுள்ள படியூர் பழங்காலத்தில் மணிக்கற்களுக்குப் பெயர்பெற்றது. கடல்நீர் போன்ற நிறமுடைய பெரில் என்னும் கல் ஆங்குக் கிடைத்தது. ரோமானியர் இக்கல்லைப் பெரிதும் விரும்பினர். அவர்தம் பொன், வெள்ளி நாணயங்கள் கொங்கு நாட்டில் மிகுதியாகக் கண்டெடுக்கப்பட்டுள்ளன. கல்லைக் கொடுத்துப் பொன்னைப் பெற்ற நாடு இது! 1819, 1820ஆம் ஆண்டுகளில் ஹீத் என்னும் ஆங்கிலேயர் படியூரில் மீண்டும் சுரங்கம் வெட்டி மணிக்கற்கள் எடுத்தார். சேலத்துக் கஞ்சமலையின் இரும்புக் கல்லைக் கொண்டு பறங்கிப்பேட்டையில் உருக்காலை நடத்தியவரும் இவரே.

அன்றிரவு சேலத்தில் தங்கினோம். உருக்கு உலைகளின் உட்சுவருக்கு வேண்டிய செங்கல் செய்ய உதவும் வெள்ளைக்கல் கிடைக்கும் ஊர் அது. மறுநாள் தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய ஊர்களைக் கடந்து, ஆந்திர மாநிலத்துக் குப்பம் வழியாகக் கருநாடகத்துட் புகுந்தோம்.

தங்கவயலை அடைந்ததும் முதலில் எங்கள் கண்ணிற் பட்டவை சாம்பல் நிறக் குன்றுகள். அவை இயற்கைக் குன்றுகள் அல்ல. பாறையைப் பொடியாக்கிப் பொன்னைப் பிரித்தபின் கொட்டிய மணலே நூறாண்டுகளுக்கு மேலாகக் குவிந்து மேடுகளாகி நிற்கிறது. பாறைப்பொடியைச் சயனைடு என்னும் நச்சுப்பொருள் கலந்த நீரிலிட்டால், பொன் அந்நீரிற் கரையும்; பின்னர்த் துத்தநாகத்தைச் சேர்த்தால் பொன் மீண்டும் பிரிந்து படியும். எஞ்சிய மணலே இம்மேடுகள். காற்று வீசும் காலத்தில் இத்தூசி வீடுகளுக்குள்ளும் வந்து படிகிறது.

இவ்வூரிற் பொன் உண்டு என்பதை மக்கள் நெடுங்காலமாகவே அறிந்திருந்தனர். 1802இல் வாரன் என்னும் படை அலுவலர் இப்பகுதியை அளக்க வந்தார். பொன் காட்டுவோர்க்குப் பரிசு தருவதாக அவர் அறிவித்தார். சிற்றூர் மக்கள் வண்டிகளில் மண்ணைக் கொண்டுவந்து அவர் கண்ணெதிரே கழுவினர். மண் நீங்கப் பொற்றுகள்கள் மின்னின. 1873இல் லாவெல் என்னும் ஐரிஷ் நாட்டவர் மைசூர் அரசிடம் சுரங்க உரிமை வேண்டி விண்ணப்பித்தார். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தபின் வேலை முறையாக நடைபெறத் தொடங்கியது. 1902இல் காவிரியின் சிவசமுத்திர அருவியில் ஆக்கிய மின்சாரம், ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு கம்பியிற் பயணம் செய்து இங்கு வந்தது. அந்நாளில் உலகின் மிக நீண்ட மின்தடங்களுள் ஒன்று அது. வெள்ளையர் வாழ்ந்த பகுதியில் மாளிகைகளும் பூங்காக்களும் மன்றங்களும் எழுந்தன. ‘குட்டி இங்கிலாந்து’ என்றே அவ்வூரை அழைத்தனர்.

பாறையை வெட்டியோர் யாவர்? வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழரே அவருட் பெரும்பாலோர். வறட்சியும், ஊரில் நிலமின்மையும், சாதிக் கொடுமையும் அவர்களை இங்குத் துரத்தின. மூங்கில் தட்டியாலான ஒற்றையறை வீடுகளில் அவர்கள் வரிசை வரிசையாக வாழ்ந்தனர். பூங்காவைப் பற்றிப் பேசுவோர் இத்தட்டி வீடுகளைப் பற்றிப் பேசுவதில்லை.

சாம்பியன் ரீஃப் என்னும் சுரங்கத்தின் இரும்புக் கோபுரம் தெரியும் ஓரிடத்தில் வண்டியை நிறுத்தினோம். அக்குழி 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடையது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக விளங்கியது. அருகிலிருந்த தேநீர்க் கடையில் முதியவர் ஒருவர் எங்களுடன் உரையாடினார். அவர் சுரங்கத்தில் வேலை செய்தவர்.

“ஐயா, கூண்டில் இறங்கும்போது காது அடைத்துக்கொள்ளும். அடியிற் பாறையைத் தொட்டாற் கை சுடும். சில வேளைகளில் பாறை தானாகவே வெடிக்கும். அது வெடிக்குமுன் ஓர் ஒலி கேட்கும்; சில வேளைகளில் அதுவும் கேட்காது” என்றார் அவர்.

“பொன்னை வெட்டி எடுக்கும்போது மகிழ்ச்சியாக இருந்திருக்குமே!” என்றாள் என் மனைவி.

முதியவர் நகைத்தார். “அம்மா, நாங்கள் கண்டது வெறுங்கல்தான். பொன் கண்ணுக்குத் தெரியாத துகளாய்க் கல்லுக்குள் இருக்கும். ஆனாலும், மேலே வந்தவுடன் எங்கள் உடையைச் சோதித்தே வெளியில் விடுவார்கள்” என்றார். பேச்சினிடையே அவர் அடிக்கடி இருமினார். பாறைத்தூசி நுரையீரலிற் படிந்து இறுகும் நோய்க்குச் சிலிக்கோசிஸ் என்று பெயர். பொன் எடுத்தவர் பலர்க்குக் கிடைத்த பங்கு அந்நோயே.

என் மனைவி தன் தாலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். “இதிலும் இவ்வூர்ப் பொன் கலந்திருக்குமோ?” என்று என்னைக் கேட்டாள். பொன் அழிவதில்லை, பழைய நகையை உருக்கிப் புதிய நகை செய்கிறோம். இச்சுரங்கங்கள் ஈந்த பொன் ஏறத்தாழ 800 டன் ஆகும். ஆதலின், “இருக்கலாம்” என்றேன்.

1956இல் மைசூர் அரசு சுரங்கங்களைத் தனதாக்கிக்கொண்டது. 1962இல் அவை நடுவண் அரசின் கைக்கு மாறின. 1965இல் அறிவியலறிஞர்கள் அந்த ஆழத்திற் கருவிகளை வைத்து, வானிலிருந்து வரும் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் அடையாளத்தைக் கண்டனர். மேலேயுள்ள பாறை, பிற கதிர்களைத் தடுத்து அவர்களுக்கு உதவியது. ஆனால், பொன்னோ ஆண்டுதோறும் குறைந்தது. தொடக்கத்தில் ஒரு டன் பாறையில் 40 கிராம் வரை கிடைத்த பொன், இறுதியில் 3 கிராம் அளவிற்குச் சுருங்கியது. எடுக்கும் செலவு விலையை விஞ்சியது. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. நீர் இறைக்கும் எந்திரங்கள் நின்றன. மூன்று கிலோமீட்டர் ஆழத்து வழிகளில் நீர் நிறையலாயிற்று.

அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலுள்ள கலிபோர்னியாவில் போடி என்றொரு பொன்னூர் இருந்தது. 1859இல் அங்குப் பொன் கண்டனர். 1880ஆம் ஆண்டையொட்டிப் பல்லாயிரவர் ஆங்குக் குடியிருந்தனர். பின்னர் ஒருவர்பின் ஒருவராய் ஊரை விட்டு நீங்கினர். இன்று அது 1962 முதல் அரசு காத்துவரும் காட்சியிடம். வெற்று வீடுகளை மக்கள் வந்து பார்த்துச் செல்கின்றனர். தங்கவயலும் அத்தகையதாக இருக்கும் என்றே எண்ணி வந்தோம். ஆனால், 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்நகரத்து மக்கள் 1,60,000க்கும் மேற்பட்டோர். 

எவ்வாறு வாழ்கின்றனர் என்பதை மறுநாள் மாரிக்குப்பம் புகைவண்டி நிலையத்திற் கண்டோம். இன்னும் விடியவில்லை. சோற்றுப் பாத்திரமும் கையுமாக இளைஞரும் பெண்டிரும் விரைந்து வந்துகொண்டிருந்தனர். பெங்களூருக்கு வேலைக்குச் செல்வோர் அவர்கள். இருட்டிய பின்னரே வீடு திரும்புவர். “பாட்டன் பூமிக்குள் இறங்கினான், பேரன் வண்டியில் ஏறுகிறான்” என்றார் எங்கள் அருகில் நின்ற ஒருவர். வண்டி நிலையத்தை விட்டுப் புறப்பட்டது. சாம்பல் மேடுகளின்மேல் வெளிச்சம் மெல்லப் பரவியது.