மூளையின் வெண்பொருளும் காந்தப் பரிவுப் படமும்

மானிட உடலின் நிறையில் மூளை ஏறக்குறைய ஐம்பதிலொரு பங்கே. ஆயினும், உடல் ஓய்ந்திருக்குங்கால் நுகரும் ஒட்சிசனில் ஐந்திலொரு பங்கினை அஃதொன்றே கொள்கின்றது. இப்பெருஞ் செலவு மூளையின் எப்பகுதியில், எத்தொழிலின்பொருட்டு நிகழ்கின்றது என்பதை மண்டையோட்டைத் திறவாமலே அறிதற்கு வாய்த்த கருவிகளுள் தலையாயது தொழிற்பாட்டுக் காந்தப் பரிவுப் படம். அக்கருவி கொண்டு ஆராய்ந்தோர் மூளையின் ஏறத்தாழ அரைப்பங்கை நெடுங்காலம் கணக்கிற் கொள்ளாது விடுத்தமையும், அண்மையில் அதனை மீண்டும் நோக்கத் தலைப்பட்டமையும் இக்கட்டுரையின் பொருளாம்.

இருவகைப் பொருள்

மூளையை வெட்டி நோக்கின் இருநிறங் காணலாம். புறத்தே மடிப்பு மடிப்பாய் அமைந்தது நரைநிறப் பொருள். நரம்புக் கலங்களின் உடல்களும், அவை ஒன்றோடொன்று செய்தி பரிமாறும் இணைப்புக்களும் அங்கே செறிந்துள. அகத்தே அமைந்தது வெண்பொருள். இது கலங்களினின்று நீளும் நரம்பிழைகளின் தொகுதி. இழைகளைச் சுற்றியுள்ள மயலின் என்னும் கொழுப்புறையே வெண்மைக்குக் காரணம். நரைநிறப் பொருளை ஊர்கள் என்று கொண்டால், வெண்பொருளை ஊர்களை இணைக்கும் பெருந்தெருக்கள் எனலாம். இடவலப் பாதிகளை இணைக்கும் பாலத்தில் மாத்திரம் ஏறத்தாழ 20 கோடி இழைகள் உள.

குருதி கூறும் செய்தி

இக்கருவி நரம்பின் மின்துடிப்பை நேரே அளப்பதன்று. அளப்பது குருதியின் மாற்றத்தையே. 1936 ஆம் ஆண்டில் லைனசு போலிங்கு, சாள்சு கோரியெல் என்னும் இரசாயன அறிஞர் இருவர், ஒட்சிசன் ஏற்ற ஈமோகுளோபினைக் காந்தம் மெல்ல விலக்குதலையும், ஒட்சிசன் இழந்த ஈமோகுளோபினைக் கவர்தலையும் கண்டனர். அவ்வுண்மை அரை நூற்றாண்டிற்கு மேற்பட்ட காலங் கழித்தே மூளையாய்விற் பயன்பட்டது. ஒட்சிசனிழந்த குருதி தன் அயலிலுள்ள காந்தப் புலத்தைக் குலைத்துச் சைகையை மங்கச் செய்கின்றது என்பதை, 1990 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சார்ந்த செய்சி ஒகாவாவும் துணைவரும் எலிகளின் மூளையிலே காட்டினர். 1992 இல் மனிதரிடத்தும் இம்முறை கையாளப்பட்டது.

மூளையின் ஓரிடம் தொழிற்படின், அங்கே தேவைக்கு மிஞ்சிய குருதி பாய்கின்றது, ஒட்சிசனிழந்த ஈமோகுளோபின் குறைகின்றது, சைகை ஓங்குகின்றது. நரைநிறப் பொருளில் இவ்வோங்கல் உச்சமடைய ஏறக்குறைய 5 அல்லது 6 செக்கன் செல்லும்.

வெண்பொருள் விலக்கப்பட்டமை

வெண்பொருளிற் பாயும் குருதி நரைநிறப் பொருளிற் பாய்வதன் மூன்றிலொன்று, நான்கிலொன்று என்னும் அளவினதே. சத்தை மிகுதியாகச் செலவிடும் நரம்பிணைப்புக்களும் ஆங்கில்லை. ஆதலின் அங்கெழும் சிறு அசைவுகளை மூச்சாலும் நாடித்துடிப்பாலும் விளைந்த குழப்பமென்றே பலர் கொண்டனர். அதனோடமையாது, வெண்பொருளின் சராசரிச் சைகையைக் கணித்து, நரைநிறப் பொருளின் அளவினின்று அதனைக் கழித்தலும் வழக்காயிற்று. அச்சைகையில் உண்மை கலந்திருப்பின், கழிவோடு உண்மையும் கழிந்துவிடுமன்றோ!

புதிய சான்றுகள்

அமெரிக்காவின் வாண்டர்பில்ற்றுப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் 2018 இல் வெளியிட்ட முடிவு ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. ஓய்வு நிலையிலும் வெண்பொருட் கற்றைகளின் சைகை நரைநிறப் பொருளின் சைகையோடு ஒத்தியங்குதலையும், மூளைக்கு ஒரு தொழில் கொடுக்குமிடத்து அத்தொழிலுக்குரிய கற்றைகளில் அவ்வொற்றுமை மிகுதலையும் அவர்கள் காட்டினர்.

2019 இல் வெளிவந்த பிறிதோர் ஆய்வு, நிறமும் சொல்லும் முரணும் சோதனையைக் கையாண்டது. 'பச்சை' என்னும் சொல்லைச் சிவப்பு மையில் எழுதி, மையின் நிறத்தைக் கூறுக எனக் கேட்டால் மனம் தடுமாறும். அத்தகைய சோதனை இது. அப்பொழுது வெண்பொருளிலும் சைகை எழுந்தது. ஆயின் நரைநிறப் பொருளினும் மெலிதாகவும் தாமதமாகவும் எழுந்தது. ஆகவே, நரைநிறப் பொருளுக்கு வகுத்த கால அளவையை வெண்பொருளுக்கும் பொருத்தினோர் ஒன்றையும் காணாது போதல் இயல்பே. ஆண்டுப் பிழைத்தது அளவுகோலேயன்றி அளக்கப்பட்ட பொருளன்று.

பயனும் எச்சரிக்கையும்

மயலின் உறை சிதையும் நோய்கள் பல. அவற்றில் இழைகளின் உருவம் மாறியதைப் படங்கள் காட்டுகின்றன. எஞ்சிய இழை எவ்வளவு தொழில் செய்கின்றது என்பதையும் அறிய முடியுமாயின் நோயாளர்க்கு அது பேருதவியாகும்.

எனினும், சிறு சைகையைத் தேடுவோர் இல்லாததைக் காணும் இடருக்கும் உட்படுவர். 2009 இல் கிறெயிக்கு பெனெற்று என்பாரும் துணைவரும் இறந்த சால்மன் மீனொன்றை இக்கருவியிலிட்டு, மனிதர் படங்களை அதற்குக் காட்டினர். தக்க புள்ளிவிவரத் திருத்தஞ் செய்யாவிடின், செத்த மூளையும் தொழிற்படுவதாகத் தோன்றும் என்பதை அச்சோதனை தெளிவாக்கிற்று. மேலும், வெண்பொருட் சைகை நரம்பிழையின் துடிப்பால் எழுவதோ, துணைக் கலங்களின் உழைப்பால் எழுவதோ என்பது இன்னும் ஆராயப்பட்டு வருகின்றது.

விஞ்ஞானம் பயிலும் மாணவர் இதனின்று கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. ஆய்வுகூடத்தில் எதிர்பார்த்த கோட்டினின்று விலகும் புள்ளியை அழித்துவிடுதல் எளிது. அதனையே உண்மையெனப் பறைசாற்றுதலும் எளிது. அழியாதும் ஆர்ப்பரியாதும், அப்புள்ளிக்கேற்ற அளவுகோலை நாடி மீண்டும் மீண்டும் அளத்தலே அரிது. அவ்வரிய செயலே வெண்பொருளை ஆராய்ச்சியின் அரங்கிற்குக் கொணர்ந்தது.