கத்தரிக்கோல் பிடித்த இயக்குநர்

சென்ற ஆண்டு நம் தமிழ் மாணவர் சங்கத்தின் ஆண்டு விழாவையொட்டி நடந்த வினாடி வினாப் போட்டியில் எனக்கு ஒரு பேனா பரிசாகக் கிடைத்தது. நண்பர்கள் சிலருக்கு நினைவிருக்கலாம். "உலகின் முதல் முழுநீளச் சித்திரப் படம் எது?" என்பது கடைசிக் கேள்வி. "வால்ட் டிஸ்னியின் ஸ்னோ ஒயிட், 1937" என்று நான் கை தூக்கிச் சொன்னேன். சரியென்று மதிப்பெண் போட்டார்கள், கை தட்டினார்கள், பேனாவையும் கொடுத்தார்கள்.

அந்த விடை தவறு. கேட்டவருக்கும் அது தெரியாது. சொன்ன எனக்கும் அப்போது தெரியாது. இப்போது பேனாவைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. ஆதலால் அதற்கு ஈடாக இந்தக் கட்டுரையை எழுதித் தருகிறேன்.

டிஸ்னியின் படம் வெளிவருவதற்குப் பதினொரு ஆண்டுகளுக்கு முன்னரே, 1926 மே 2 ஆம் நாள், பெர்லின் நகரத்து நாடக அரங்கு ஒன்றில் 'இளவரசன் அகமதுவின் சாகசங்கள்' என்ற படம் திரையிடப்பட்டது. ஏறத்தாழ 65 நிமிடம் ஓடும் படம். முழுவதும் கறுப்பு அட்டையில் வெட்டிய உருவங்களே நடித்த படம். அதை இயக்கியவர் லோட்டே ரைனிகர் என்னும் பெண்மணி. அன்று அவருக்கு வயது 26.

இதற்கும் முந்தியது ஒன்று உண்டு. அர்ஜென்டினா நாட்டில் கிரினோ கிறிஸ்டியானி என்பவர் 1917 இல் ஒரு முழுநீளச் சித்திரப் படம் எடுத்தார். ஆனால் அதன் பிரதி எதுவும் இன்று இல்லை, தீக்கு இரையாயிற்று. எனவே இன்று நாம் கண்ணால் காணக்கூடிய முழுநீளச் சித்திரப் படங்களுள் மூத்தது ரைனிகர் அம்மையாரின் படமே. அடுத்த போட்டியில் கேள்வி கேட்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இளமை

லோட்டே ரைனிகர் 1899 ஜூன் 2 ஆம் நாள் பெர்லினில் பிறந்தார். கறுப்புத் தாளில் ஒருவரின் பக்கத் தோற்றத்தை வெட்டி எடுப்பது ஐரோப்பாவில் நெடுங்காலமாக இருந்துவந்த பொழுதுபோக்கு. சிறு வயதிலேயே அவருக்கு அந்தக் கலை கைவந்துவிட்டது. எழுதுகோலால் வரைந்துகொள்ளாமல் கத்தரிக்கோலாலேயே நேராக உருவத்தை வெட்டிவிடுவாராம். வீட்டில் ஒரு நிழல் அரங்கு அமைத்து, ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் தாமே வெட்டிய பொம்மைகளைக் கொண்டு நடத்திக் காட்டினார்.

அக்காலத்தில் ஜெர்மனியில் பௌல் வேகனர் என்பவர் நடிகராகவும் இயக்குநராகவும் புகழ்பெற்றிருந்தார். சினிமாவால் மட்டுமே காட்டக்கூடிய விந்தைகள் உண்டு என்று அவர் ஆற்றிய சொற்பொழிவைப் பள்ளி வயதில் கேட்ட ரைனிகர், அவர் அருகில் சேர்வதென்று முடிவு செய்தார். பெற்றோரை இணங்கவைத்து, மாக்ஸ் ரைன்ஹார்ட் நடத்திய நடிப்புப் பள்ளியில் சேர்ந்தார். மேடையின் ஓரத்தில் நின்று நடிகர்களின் உருவங்களைத் தாளில் வெட்டிக்கொண்டே இருந்தார். வேகனரின் கண் அதன்மேல் விழுந்தது.

1918 இல் வேகனர் எடுத்த 'ஹாமலின் குழலூதி' படத்தில் எலிக்கூட்டம் ஊரைவிட்டு வெளியேற வேண்டும். உயிருள்ள எலிகள் சொன்னபடி நடக்குமா? நடக்கவில்லை. முடிவில் மரத்தால் செய்த எலிகளைச் சிறிது சிறிதாக நகர்த்திப் படமெடுக்கும் வேலையில் ரைனிகரும் பங்குகொண்டார். அடுத்த ஆண்டிலேயே, 1919 இல், பெர்லினில் இருந்த கல்விப்பட நிறுவனம் ஒன்றில் தமது முதல் நிழலுருவப் படத்தை இயக்கினார். அங்கே அறிமுகமான கார்ல் கோஹ் என்பவரை 1921 இல் மணந்தார். பிறகு அவருடைய பல படங்களுக்குக் காமிராவைக் கவனித்தவர் அந்தக் கணவரே.

மேசையும் விளக்கும்

1923 இல் ஜெர்மனியில் பணவீக்கம் தலைவிரித்தாடியது. காலையில் வாங்கிய கூலி மாலையில் ரொட்டிக்குப் போதாத காலம். லூயி ஹாகன் என்ற வங்கியாளர், பணத்தின் மதிப்பு கரைவதைக் கண்டு, அதற்குப் பதிலாகப் பெருமளவு பிலிம் சுருள்களை வாங்கி வைத்திருந்தார். அவற்றைக் கொண்டு ஒரு முழுநீளப் படம் எடுக்கலாமே என்று ரைனிகரிடம் கேட்டவர் அவரே. பத்து நிமிடம் சிரிக்கவைத்து அனுப்புவதே சித்திரப் படத்தின் வேலை என்று திரையுலகம் எண்ணியிருந்த நாளில், இப்படிக் கேட்கவும் துணிவு வேண்டும். சரியென்று சொல்லவும் துணிவு வேண்டும். போட்ஸ்டாம் ஊரில் ஹாகனின் வீட்டு மோட்டார்க் கொட்டகையின் மேல்மாடம் ஸ்டூடியோவாக மாறியது.

எங்கள் ஊர்க் கோயில் கொடையில் தோற்பாவைக் கூத்துப் பார்த்து வளர்ந்தவன் நான். அதை நினைவில் வைத்துக்கொண்டால் ரைனிகரின் முறை எளிதில் விளங்கும். நம் பாவை தோலால் ஆனது, வண்ணம் தீட்டப்பட்டது, விளக்கொளி அதனூடே கசிந்து திரையில் நிறமாக விழும். பின்னால் அமர்ந்திருப்பவர் பாவையை ஆட்டும்போதே நாம் முன்னால் இருந்து பார்க்கிறோம். ரைனிகரின் பாவையோ கறுப்பு அட்டையாலும் மெல்லிய ஈயத்தகட்டாலும் ஆனது; ஒளி ஊடுருவாது. கண் இல்லை, வாய் இல்லை. ஓர் எல்லைக்கோடு மட்டுமே உண்டு. தலை, தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால் என்று தனித்தனியாக வெட்டி மெல்லிய கம்பியால் இணைத்திருப்பார். அதைக் கண்ணாடி மேசையின்மேல் படுக்கவைத்து, அடியில் விளக்கேற்றி, மேலே காமிராவைப் பொருத்திக்கொள்வார். பாவையை ஒரு மயிரிழை நகர்த்தி ஒரு படம். மறுபடி நகர்த்தி இன்னொரு படம். இவ்வாறு 24 படங்கள் சேர்ந்தால் திரையில் ஒரு விநாடி.

மலையும் மாளிகையும் மெல்லிய தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அமைந்தவை. அடுக்கு கூடக்கூட நிறம் கருக்கும். குறையக் குறைய வெளிறும். தொலைவும் அண்மையும் இப்படித்தான் பிறந்தன. கண்ணாடித் தட்டுகளை இடைவெளி விட்டு ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் படமெடுத்ததால் காட்சிக்கு ஆழமும் கிடைத்தது. பின்னாளில் டிஸ்னியின் ஸ்டூடியோவில் பெரிய எந்திரமாக வளர்ந்தது இதே கருத்துதான்.

எட்டு விநாடி

இவற்றையெல்லாம் படித்த பிறகு எனக்கும் ஆசை வந்தது. சென்ற டிசம்பரில் என் அறை நண்பரையும் சேர்த்துக்கொண்டேன். சட்டைப்பெட்டி அட்டையில் ஒரு மனிதனை வெட்டி, நூலால் மூட்டுகளைக் கட்டினோம். மேசைக் கண்ணாடியை எடுத்து இரண்டு நாற்காலிகளின்மேல் வைத்து, கீழே விளக்கும் மேலே கைப்பேசியுமாக உட்கார்ந்தோம். "ஏனப்பா, பரீட்சைக்கு இரண்டு வாரந்தான் இருக்கிறது. இந்த மரப்பாச்சி விளையாட்டு தேவைதானா?" என்று நண்பர் கேட்டுக்கொண்டேதான் விளக்கைப் பிடித்தார்.

இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கி விடியற்காலை மூன்று மணிவரை 192 படங்கள் எடுத்தோம். ஓட்டிப் பார்த்தால் எட்டே விநாடி. அந்த எட்டு விநாடியிலும் எங்கள் மனிதன் நடக்கவில்லை; பனிக்கட்டிமேல் வழுக்கினான். காரணம் மறுநாள்தான் புரிந்தது. நடக்கும்போது ஊன்றிய கால் தரையில் நிலைத்து நிற்க வேண்டும். உடம்பு அதன்மேல் சாய்ந்து முன்னேற வேண்டும். அடி எடுக்கும் போது மெல்லத் தொடங்கி, நடுவில் விரைந்து, ஊன்றும் போது மீண்டும் தணிய வேண்டும். நாங்களோ இரண்டு கால்களையும் ஒரே அளவாக நகர்த்தியிருந்தோம். நாள்தோறும் நடக்கிற எங்களுக்கு நடை என்பது இன்னதென்று தெரிந்திருக்கவில்லை!

பிறகு கணக்குப் போட்டோம். 65 நிமிடப் படத்துக்கு, விநாடிக்கு 24 என்று கொண்டால், 93,600 படங்கள். எங்கள் வேகத்தில் ஏறத்தாழ 488 இரவுகள். பாவை வெட்டும் நேரமும் தவறியதை மறுபடி எடுக்கும் நேரமும் இதில் சேரவில்லை. ரைனிகரும் அவர் குழுவினரும் 1923 முதல் 1926 வரை மூன்று ஆண்டு உழைத்ததன் பொருள் அன்றுதான் எனக்கு உறைத்தது.

இவர் இயக்குநரா?

அறை நண்பர் ஒரு நியாயமான கேள்வியைக் கேட்டார். "அட்டை வெட்டுகிறவர் கைவினைஞர். நடிகரும் இல்லை, வசனமும் இல்லை. இவரை எப்படி இயக்குநர் என்று சொல்வது?"

இந்தக் கேள்வியில்தான் ரைனிகரின் பெயர் மங்கிப்போனதற்கான காரணமும் இருக்கிறது என்று நினைக்கிறேன். தாள் வெட்டுவது பெண்களின் பொழுதுபோக்கு. ஆயிரத்தொரு இரவுக் கதை குழந்தைகளின் சமாசாரம். இரண்டையும் சேர்த்துச் செய்தவரைச் சினிமா வரலாற்றின் முன்வரிசையில் உட்கார வைக்கப் பலருக்குத் தோன்றவில்லை.

நாம் படத்தையே பார்ப்போம். பரி பானு என்னும் மாயத்தீவின் அரசி நீராட வருகிறாள். அவளுக்கு முகபாவம் கிடையாது. ஆயினும் யாரோ பார்க்கிறார்கள் என்று அவள் உணரும் கணம் நமக்குத் தெரிகிறது. தலையின் ஒரு சாய்வு, கை பாதியில் நிற்கும் ஒரு தயக்கம், அவ்வளவே. இறுதியில் சூனியக்காரியும் மந்திரவாதியும் விலங்குக்கு விலங்கு உருமாறிப் போரிடுகிறார்கள். ஓர் உருவம் மற்றோர் உருவமாக உருகும் இடத்தில் தையல் தெரியவில்லை. எந்த அசைவு எத்தனை நேரம் நீடிக்க வேண்டும், எங்கே தொடங்கி எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்வதன்றோ இயக்கம்? மற்ற இயக்குநர்களுக்கு அதில் நடிகர் பாதி உதவுவார். ரைனிகருக்கு அந்த உதவியும் கிடையாது.

அவர் தனியாகவும் உழைக்கவில்லை. வால்ட்டர் ருட்மன் அப்போதே பெயர்பெற்ற ஓவியர். ரைனிகரைவிடப் பதினோரு வயது மூத்தவர். மந்திரக் காட்சிகளின் ஒளிக்கோலங்களை அவர் செய்தார். பெர்த்தோல்டு பார்டோஷ் கடலின் அலைகளை உருவாக்கினார். வோல்ப்காங் ஸெல்லர் இசையமைத்தார். வேலை தொடங்கியபோது 24 வயதுகூட நிரம்பாத ஒரு பெண்ணின் முடிவுக்கு இவர்கள் அனைவரும் இசைந்து உழைத்தார்கள். இதைக் கேட்டபின் நண்பர் தம் கேள்வியை விட்டுவிட்டார். எங்கள் வழுக்கு மனிதனைப் பார்த்ததும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

நாடு நாடாக

படம் முடிந்தும் அதை வாங்கித் திரையிட யாரும் முன்வரவில்லை. முதல் காட்சியைத் தாங்களே ஏற்பாடு செய்தனர். பின்னர் பாரிஸில் அது பெரும் வரவேற்புப் பெற்றது. பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் வாழ்நாள் நண்பரானார்.

1933 இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். ரைனிகரும் கணவரும் அந்த ஆட்சியை ஏற்காதவர்கள். அவர்களுடைய நண்பர்கள் பலர் யூதர்கள். இருவரும் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். ஆனால் எந்த நாடும் நிலையாகத் தங்க இசைவு தரவில்லை. இங்கிலாந்து, பிரான்ஸ், இத்தாலி என்று விசா முடியும்போதெல்லாம் மூட்டை கட்ட நேர்ந்தது. பெரிய ஸ்டூடியோவை நம்பிய கலைஞனாக இருந்திருந்தால் அதோடு தொழில் முடிந்திருக்கும். இவருக்கு ஒரு கத்தரிக்கோலும் அட்டையும் போதும். அந்த அலைச்சலுக்கு நடுவிலும் படங்கள் வந்தன. ரெனுவாரின் 1938 ஆம் ஆண்டுப் படமான 'லா மார்செய்யேஸ்'ஸில் வரும் நிழலாட்டக் காட்சி இவர் செய்ததே. போரின் இறுதி ஆண்டுகளில், நோயுற்ற தாயைக் கவனிக்கப் பெர்லினுக்கே திரும்ப வேண்டியதாயிற்று.

1949 இல் இருவரும் லண்டனில் குடியேறினர். 1950களில் தொலைக்காட்சிக்காகத் தேவதைக் கதைகள் பலவற்றைப் படமாக்கினார். அவற்றுள் 'வீரத் தையற்காரன்' 1955 இல் வெனிஸ் விழாவில் பரிசு பெற்றது. அந்தப் படங்களின் தயாரிப்பாளர் யார் தெரியுமா? பழைய வங்கியாளர் ஹாகனின் மகன். மோட்டார்க் கொட்டகை வீட்டுச் சிறுவன் வளர்ந்து, அதே கலைஞருக்குத் துணை நின்றான். 1963 இல் கணவர் மறைந்த பின் சில காலம் ஒதுங்கியிருந்தவர், 1970களில் கனடா நாட்டினர் அழைக்க அங்கே சென்று மீண்டும் படமெடுத்தார். 1981 ஜூன் 19 அன்று ஜெர்மனியில் காலமானார்.

மிஞ்சிய பிரதி

1945 இல் பெர்லினில் நடந்த போரில் 'இளவரசன் அகமது' படத்தின் மூலச் சுருள் அழிந்துவிட்டது. லண்டனில் பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தின் காப்பகத்தில் வண்ணமேற்றிய பிரதி ஒன்று மிஞ்சியிருந்தது. அதிலிருந்தே 1999 இல் ஜெர்மானிய அறிஞர்கள் படத்தைப் பழைய நிறங்களோடு மீட்டெடுத்தார்கள். அந்த ஒரு பிரதியும் இல்லாதிருந்தால் கிறிஸ்டியானியின் படத்தைப்போல் இதுவும் வெறும் பெயராகியிருக்கும். என் தவறான விடையைத் தவறென்று காட்டச் சான்றும் இராது. பழைய பிலிம் பெட்டிகளைக் குப்பையென்று எண்ணும் நம் நாட்டினர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நண்பர்களே, இந்த ஆண்டு விழாவில் அந்தப் படத்தைத் திரையிட வேண்டுமென்று சங்கச் செயலாளருக்கு விண்ணப்பம் எழுதியிருக்கிறேன். பரிசாகப் பெற்ற அதே பேனாவால்தான் எழுதினேன். திரையிடும் நாளில் எங்கள் எட்டு விநாடியையும் முன்னால் காட்டலாம். அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பிறகு ரைனிகரைப் பாருங்கள்.